கிளிப்பச்சை ஷூவும் நான்கு ரத வீதிகளும்

ஸ்ரீவில்லிபுத்தூர் கோவில் வாசலில் குவிந்து கிடந்த செருப்புகளுக்கு நடுவே நானும் மாரீஸ்வரியும் குனிந்து நின்றோம். புரட்டாசிச் சனிக்கிழமை. சாயங்காலம் நாலரை மணி இருக்கும். சாமி கும்பிட வந்த கூட்டம் எங்களைச் சுற்றிக்கொண்டு உள்ளே போனது. எல்லோரும் கோபுரத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். நாங்கள் இரண்டு பேர் மட்டும் தரையைப் பார்த்தபடி நின்றோம்.

ரப்பர் செருப்பு, தோல் செருப்பு, ஜோடி பிரிந்த குழந்தைச் செருப்பு, குதிகால் உயர்ந்த கல்யாண வீட்டுச் செருப்பு. நாங்கள் தேடியது அவை எதுவும் இல்லை. சாம்பல் நிறத்தில், நீலப் பட்டை போட்ட ஷூ ஒரு ஜோடி. இடது ஷூவின் நாடா அறுந்து, சாக்குத் தைக்கும் நூலால் ஒட்டுப் போட்டிருக்கும்.

டோக்கன் கொடுத்துச் செருப்பை வாங்கி வைக்கும் அக்கா எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்ன தம்பி, எதத் தேடுதிய?”

“ஷூ அக்கா. காலையில ஒரு அம்மா விட்டுட்டுப் போயிட்டாவ.”

“மறந்துட்டாவளோ?”

“மறக்கல. வேணுமின்னே விட்டுட்டுப் போனாவ.”

அவர் கையில் இருந்த டோக்கன் கட்டைக் கீழே வைத்தார். “ஊரு பூரா இங்க வந்து பீடையக் கழட்டிப் போட்டுட்டுப் போவுது. பொறவு வந்து அதத் தேடுற மொத ஆளு நீங்கதான்.”

மாரீஸ்வரி சிரித்துவிட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் என் மனைவி. மறுநாள் காலை ஐந்தரை மணிக்கு அவள் பதினாறு கிலோமீட்டர் நடந்தாக வேண்டும். வனக்காப்பாளர் வேலைக்கு எழுத்துத் தேர்வு, சான்றிதழ், உயரம் எல்லாம் முடிந்து, அந்த நடை ஒன்றுதான் பாக்கி.

பீடை போன கதை

இந்தத் தொடரில் போன வாரம் நான் மில்லில் சேர்ந்த முதல் நாளோடு நிறுத்தியிருந்தேன். வரிசைப்படி பார்த்தால் இந்த வாரம் இரண்டாம் நாள் வர வேண்டும். ஆனால் நேற்று அலமாரியை ஒழித்தபோது அந்தக் கிளிப்பச்சை ஷூ கையில் தட்டுப்பட்டது. அதன் பிறகு எனக்கு மில் எழுத ஓடவில்லை. இந்தச் சனிக்கிழமைதான் எழுத வருகிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீடு ராஜபாளையத்தை அடுத்த செட்டியார்பட்டியில். அன்றைக்கு நான் காலை ஷிப்ட் முடிந்து வரும்போது மணி மூன்றேகால். மாரி வீட்டையே தலைகீழாகப் புரட்டிக்கொண்டிருந்தாள். கட்டிலுக்கு அடியில், மாட்டுக் கொட்டகையில், அரிசி மூட்டைக்குப் பின்னால் எல்லாம் பார்த்தாயிற்று. மறுநாளுக்கான பையில் தண்ணீர் பாட்டில் இருக்கிறது, அழைப்புக் கடிதம் இருக்கிறது. ஷூ மட்டும் இல்லை.

அம்மா அடுப்பங்கரையில் சுண்டலுக்குத் தாளித்துக்கொண்டிருந்தார்.

“எம்மா, மாரி ஷூவப் பாத்தியா?”

“அது போயிருச்சு.”

“எங்க போயிருச்சு?”

“பெருமாள் கோவிலுக்கு.” கடுகு வெடித்து அடங்கியதும் அம்மா கரண்டியை வைத்துவிட்டுத் திரும்பினார். “போன தடவ அந்த ஷூவப் போட்டுத்தான அவ பாதியில உக்காந்தா? அதுலதாம்ல பீடை ஒட்டிக் கெடக்கு. இன்னைக்குப் புரட்டாசிச் சனி. மஞ்சப்பையில கொண்டு போயி வாசல்ல விட்டுட்டு, திரும்பிப் பாக்காம வந்துட்டேன்.”

எங்கள் பக்கத்தில் இது எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான். சனிக்கிழமை கோவிலில் செருப்புத் தொலைந்தால் பிடித்திருந்த சனி தொலைந்தது என்பார்கள். சிலர் அது தானாகத் தொலையும் என்று காத்திருக்க மாட்டார்கள். தாங்களே தொலைத்துவிட்டு வருவார்கள். ஆனால் மருமகளின் ஷூவைத் தூக்கிக்கொண்டு, இரண்டு பஸ் மாறிப் போய்த் தொலைத்துவிட்டு வந்தது எனக்குத் தெரிந்து என் அம்மா மட்டும்தான்.

அம்மா சொன்னதில் பாதி உண்மை. அதே ஷூதான். போன தடவை நடைத் தேர்வின்போது அது புதுசு. பதினோராவது கிலோமீட்டரில் மாரியின் இரண்டு சுண்டுவிரலிலும் கொப்பளம் கிளம்பி உடைந்தது. ரோட்டோரம் உட்கார்ந்துவிட்டாள். அவளோடு நடந்தவர்கள் ஒவ்வொருவராகக் கடந்து போனார்கள்.

அந்த ஷூவை அவள் தூக்கிப் போடவில்லை. காயம் ஆறியதும் அதையே மாட்டிக்கொண்டு, விடியற்காலையில் அய்யனார் கோவில் ரோட்டில் தினமும் நடந்தாள். மாந்தோப்புகளைத் தாண்டி, மலையடிவாரம் வரை போய்த் திரும்புவாள். மாதங்கள் போகப் போக ஷூ அவள் காலின் வடிவத்துக்கு வந்துவிட்டது. பக்கவாட்டில் துணி நைந்து, விரலுக்கு இடம் கொடுத்திருந்தது. அது இப்போது வேறு ஷூ. அதைத்தான் பெருமாள் வாங்கிக்கொண்டார்.

மாரி நைட்டியை மாற்றிச் சேலை கட்டிக்கொண்டு வந்து, “மச்சான், வண்டிய எடுங்க” என்றாள். அவ்வளவுதான்.

ஈர்க்குச்சி அளவு

இங்கே என் குற்றத்தையும் எழுதிவிடுகிறேன். அம்மாவின் பீடையைப் பார்த்துச் சிரிக்கும் வாசகர்கள், படித்தவனான என்னையும் பார்த்துச் சிரிக்க வேண்டும்.

எங்கள் வீட்டுப் பெண்கள் செருப்புக் கடைக்குப் போனதில்லை. அந்நிய ஆண் முன்னால் உட்கார்ந்து காலை நீட்டுவதா என்பது பேச்சு. தீபாவளிக்கு முந்தின வாரம் அய்யா புது விளக்குமாற்றிலிருந்து ஈர்க்குச்சிகளை உருவுவார். அம்மாவும் அக்காவும் சுவரில் குதிகால் படும்படி நிற்க வேண்டும். பெருவிரல் நுனியில் குச்சியை ஒடிப்பார். அம்மா குச்சியில் சிவப்பு நூல், அக்கா குச்சியில் ஊதா. சட்டைப் பையில் சொருகிக்கொண்டு ராஜபாளையம் பஜாருக்குப் போவார். கடைக்காரர் குச்சியைச் செருப்பின் மேல் வைத்துப் பார்த்து எடுத்துக் கொடுப்பார்.

நீளம் சரியாக இருக்கும். அகலம் அவரவர் தலையெழுத்து. அம்மாவின் செருப்பு ஒவ்வொரு வருஷமும் பொங்கலுக்குள் வார் அறுந்துவிடும். “உங்கம்மா நடக்குற நடை அப்படி” என்பார் அய்யா.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தைத் தாண்டிப் படித்த முதல் ஆள் நான். மில்லில் நூல் பரிசோதனைக் கூடத்தில் வேலை. நூல் எங்கே தடிக்கிறது, எங்கே மெலிகிறது, முறுக்கு எவ்வளவு என்று பார்ப்பது என் பிழைப்பு. மாரிக்கு முதல் ஷூ வாங்கும்போது நான் என்ன செய்தேன்? அதே ஈர்க்குச்சியைத்தான் ஒடித்தேன். ஆனால் படித்தவன் இல்லையா? அந்தக் குச்சியை மில்லின் ஸ்டீல் ஸ்கேலில் வைத்து, மில்லிமீட்டர் குறித்து, செல்போனில் இருந்த அளவுப் பட்டியலோடு மூன்று தரம் ஒத்துப் பார்த்தேன். கடைக்குப் போய்த் தலை நிமிர்ந்து நம்பர் சொன்னேன். எனக்கு அப்போது இருந்த பெருமை அய்யாவுக்குக்கூட இருந்திருக்காது.

அந்த ஷூதான் பதினோராவது கிலோமீட்டரில் அவளை உட்கார வைத்தது. கொப்பளத்துக்குக் காரணம் புது ஷூ என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். நானும் அதையே நம்பினேன். நம்ப வசதியாக இருந்தது.

செண்பகத்தோப்பில் நீட்டிய கை

மாரிக்கு இந்த வேலை மேல் ஆசை வந்த கதையைச் சொல்லாமல் மேலே போக முடியாது.

அவள் எனக்குத் தாய்மாமன் மகள். மாமா போலீஸில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டிலும் ஏட்டுதான். அவர் செருமினால் அத்தை கையில் இருக்கும் பாத்திரம் சத்தம் போடாது. மாரி பன்னிரண்டாவது படிக்கும்போது எல்லோரும் வேன் வைத்துச் செண்பகத்தோப்புப் பக்கம் சாமி கும்பிடப் போயிருக்கிறார்கள். வனத்துறைச் சோதனைச் சாவடியில் காக்கி உடுப்புப் போட்ட ஒல்லியான அக்கா ஒருவர் கையை நீட்டி வண்டியை நிறுத்தினார்.

“அண்ணே, பிளாஸ்டிக் எல்லாத்தயும் எறக்கி வச்சிட்டுப் போங்க.”

மாமா தன் பழைய உத்தியோகத்தைச் சொன்னார். அந்த அக்கா சிரித்துக்கொண்டே, “அப்ப ஒங்களுக்குச் சட்டம் நல்லாவே தெரியும். எறக்குங்கண்ணே” என்றார். மாமா இறங்கி, ஒவ்வொரு பையாகத் தானே எடுத்து வைத்தார்.

“எங்கப்பாவ ஒரு பொம்பள நிப்பாட்டி நான் அன்னைக்குத்தான் பாத்தேன் மச்சான்” என்று மாரி கல்யாணமான புதிதில் என்னிடம் சொன்னாள். அந்தக் காட்டின் சாம்பல் அணிலுக்கும் யானைக்கும் காவல் என்பதெல்லாம் அவளுக்குப் பிறகு பிடித்துப்போனது. முதலில் பிடித்தது அந்த நீட்டிய கை.

கடைக்குள்ளே நடை

டோக்கன் அக்காவும் எங்களோடு சேர்ந்து தேடிவிட்டு உதட்டைப் பிதுக்கினார். “மத்தியானமே எவனாவது மாட்டிட்டுப் போயிருப்பான்.”

புது ஷூதான் வழி. நடையின் வேகம் பெரிய விஷயமில்லை. நான்கு மணி நேரம் கொடுக்கிறார்கள். கால் புண்ணாகாமல் இருப்பதுதான் விஷயம். போன தடவையும் புது ஷூ. இந்தத் தடவையும் புது ஷூ, அதுவும் முந்தின நாள் சாயங்காலம்.

“நான் போயி வாங்கிட்டு வாரேன். நீ இந்த நெழல்ல இரு” என்றேன். பழக்கம் அப்படி. பக்கத்தில் விளக்குமாறு இருந்திருந்தால் குச்சிகூட உருவியிருப்பேன்.

“கால் எங்கிட்டல்லா இருக்கு?” என்றாள் மாரி. முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு எனக்கு முன்னால் நடந்தாள்.

பஜாரில் மூன்றாவது கடை. கல்லாவில் இருந்தவர் நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க அக்கா. ராஜபாளையத்தில் பிறந்து இங்கே வாக்கப்பட்டவராம். தெலுங்கு வீட்டுப் பேச்சு. “ரா தல்லி, வா தாயி, உக்காரு” என்று ஸ்டூலை இழுத்துப் போட்டார். மாரி ஒரு நொடி தயங்கிவிட்டு உட்கார்ந்தாள். வலது காலை நீட்டினாள்.

அந்த அக்கா அளவுக் கட்டை எதையும் எடுக்கவில்லை. தன் இரண்டு கையாலும் மாரியின் பாதத்தைப் பக்கவாட்டில் பிடித்துப் பார்த்தார். சுண்டுவிரல்களின் பழைய தழும்பைத் தடவினார்.

“ஒனக்குப் பாதம் அகலம்மா. நீளத்துக்குத் தக்கன இல்ல. இதுவரைக்கும் எந்தப் புண்ணியவான் ஒனக்குச் செருப்பு வாங்கிக் குடுத்தது?”

நான் மேலே ஓடிக்கொண்டிருந்த மின்விசிறியைப் பார்த்தேன்.

“அந்தப் புண்ணியவான் இந்தா நிக்காவ” என்றாள் மாரி.

கடையில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். வெட்கம் ஒரு பக்கம். ஆனால் அந்த நொடியில்தான் எனக்கு உறைத்தது. பீடை ஷூவிலும் இல்லை, சனியிலும் இல்லை. என் மில்லிமீட்டரில் இருந்திருக்கிறது.

பெண்கள் ஷூ எல்லாம் அகலம் பற்றவில்லை. நான்கு ஜோடி போட்டுப் பார்த்தாள். ஒவ்வொன்றையும் மாட்டிக்கொண்டு கடையின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்குப் பத்துத் தரமாவது நடந்தாள். “கடிக்குது” என்று கழற்றினாள். “இது கடிக்கல, ஆனா கடிக்கப் போவுது” என்று இன்னொன்றைக் கழற்றினாள். அப்படி ஒரு பெண் கடையில் சொல்லி நான் கேட்டதே இல்லை.

கடைசியில் அக்கா உள்ளேயிருந்து ஆண்கள் ஷூ ஒன்றைக் கொண்டுவந்தார். சின்ன அளவு, முன்பக்கம் நல்ல அகலம். நிறம்தான் பளிச்சென்று கிளிப்பச்சை. “இந்தக் கலர எவனும் எடுக்க மாட்டேங்கான்” என்றார்.

மாரி மாட்டினாள். நடந்தாள். திரும்பி வந்தாள். விரல்களை உள்ளே அசைத்துப் பார்த்தாள். முகம் மெல்ல விரிந்தது.

“ஆண்டாள் கையில இருக்க கிளி கலரு மச்சான். இந்த ஊருல இதவிட என்ன வேணும்?”

கூடவே ஒரு ஜோடி சாக்ஸ். இரண்டையும் மாட்டியவள் கழற்றவே இல்லை. பழைய செருப்பைப் பையில் போட்டுக்கொண்டாள்.

“பொழுது சாயுறதுக்குள்ள இத நடந்து பழக்கணும். நாலு ரத வீதியும் சும்மாதான கெடக்கு?”

வாசலில் என் அம்மாவின் நினைவு வந்தவள்போல் நின்றாள். “அக்கா, எங்க அத்தைக்கும் ஒரு நல்ல செருப்பு வேணும். இன்னொரு நாள் கூட்டிட்டு வாரேன். காலோட.”

கோவித்துக்கொண்டு போகிற பெண்டாட்டி

கல்யாணமாகி மூன்று வருஷத்தில் நாங்கள் இரண்டு பேர் மட்டுமாகப் போன இடங்கள் ஆஸ்பத்திரியும் அவள் பரீட்சை எழுதிய பள்ளிக்கூடமும்தான். கடைத்தெருவுக்குப் போனால் கூடவே அம்மா இருப்பார், அக்கா பிள்ளைகள் இருக்கும். எங்கள் வீட்டில் புருஷன் பத்தடி முன்னால் போவான், பெண்டாட்டி பின்னால் வருவாள். அய்யா ஒருநாளும் திரும்பிப் பார்த்ததில்லை. அம்மா வருகிறாரா என்பதைக் கொலுசுச் சத்தத்தில் தெரிந்துகொள்வார்.

நானும் ரத வீதியில் பத்தடி முன்னால்தான் ஆரம்பித்தேன். இருபதாவது அடியில் மாரி என்னைத் தாண்டிப் போய்விட்டாள்.

தேர்வு நடை அது. கை வீசி, முதுகு நிமிர்ந்து, சேலைக் கொசுவத்தை ஒரு கையால் சற்றே தூக்கிப் பிடித்து, கிளிப்பச்சை ஷூ பளிச் பளிச்சென்று தெரிய அவள் போகிறாள். நான் ரப்பர் செருப்போடு பின்னால். போகிற வழியில் ஒரு கடையில் பால்கோவா கிண்டும் வாசனை வந்தது. “வாங்குங்க, நான் நிக்க மாட்டேன்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். வாழையிலைத் துண்டில் சூடாக வாங்கிக்கொண்டு நான் ஓடினேன்.

“மாரி! ஏட்டி, மாரி! நில்லு!”

டீக்கடை பெஞ்சிலிருந்து ஒரு குரல். “ஏலே, பொண்டாட்டி கோவிச்சிட்டுப் போறாளே! வெரசாப் போயிப் பிடி!”

“பால்கோவாவுக்கெல்லாம் மசியுற கோவமாத் தெரியல அது” என்றார் இன்னொருவர்.

ஒரு ஆட்டோ பக்கத்தில் வந்து மெதுவானது. டிரைவர் தலையை நீட்டி, “ஏறுங்க அண்ணாச்சி, முன்னால போயி மறிச்சிருவோம்” என்றார். ஒரு பெரியம்மா மாரியையே நிறுத்தி, “எதுனாலும் வீட்டுல போயிப் பேசு தாயி, ரோட்டுல வேண்டாம்” என்று கன்னத்தைத் தொட்டார்.

மாரி என்னைத் திரும்பிப் பார்த்தாள். என் கையில் இலை, இலையில் உருகும் பால்கோவா, நெற்றியில் வியர்வை. அவளுக்கு அடக்க முடியவில்லை. நடுத்தெருவில், வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். எனக்கும் தொற்றிக்கொண்டது. பெரியம்மா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “நல்லாருக்குய்யா ஒங்க சண்ட” என்று போய்விட்டார்.

பால்கோவாவை ஒரே இலையில் இருவரும் சாப்பிட்டோம். அடிப்பிடித்த ஓரம் அவளுக்கு வேண்டுமென்று கேட்டு வாங்கிக்கொண்டாள். நெய் விரலில் வழிந்தது. தெருவில் நின்று நான் என் மனைவியோடு தின்ற முதல் பண்டம் அது.

சாக்ஸின் முடிச்சு

இரண்டாவது சுற்று முடியும்போது அவள் நடை லேசாக மாறியது. இடது காலை அரை நொடி தாமதமாக வைத்தாள். பார்க்காதவன்போல் இருந்தேன். அவள் பூட்டியிருந்த ஒரு கடையின் படியில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றினாள். சுண்டுவிரல் ஓரத்தில் மெல்லிய சிவப்புக் கோடு.

அந்தக் கோட்டை நாங்கள் இருவரும் பார்த்துக்கொண்டே இருந்தோம். பதினோராவது கிலோமீட்டர் அங்கேதான் ஆரம்பிக்கும்.

“ஷூவும் சரியாத்தான் இருக்கு மச்சான். பொறவு எப்படி?” என்றாள். அன்றைக்கு முதல்தடவையாகக் குரல் உடைந்தது.

அந்த நேரம் பார்த்து அம்மாவின் போன். “கெடச்சுச்சாலே?”

“இல்லம்மா.”

“கெடைக்காது. போன பீடை திரும்பி வருமா?” என்று கெத்தாகச் சொன்னவர், உடனே குரலை இறக்கி, “ஏலே, அவ எம்மேல கோவமா இருக்காளா?” என்றார்.

மாரி போனைப் பிடுங்கிக்கொண்டாள். “அத்தை, ஒங்களுக்குப் பால்கோவா வாங்கட்டா, வளையல் வாங்கட்டா?”

“ரெண்டும் வாங்கிட்டு வா” என்றார் அம்மா. அழுதுகொண்டே சொன்னது எனக்குக் கேட்டது.

அவள் பேசிக்கொண்டிருந்தபோது கழற்றிப் போட்ட சாக்ஸ் என் கையில் இருந்தது. விரல்கள் தாமாகவே அதைத் தடவின. மில்லில் நாள் முழுக்கச் செய்கிற வேலைதானே. நைலான் கலந்த நூல். விரல் பக்கம் மூடித் தைத்த இடத்தில் உள்ளுக்குள் தடித்த முடிச்சு. சரியாகச் சுண்டுவிரல் உட்காரும் இடம்.

“மாரி, ஷூ கடிக்கல. சாக்ஸு கடிக்குது!”

அவள் என்னைப் பார்த்தாள். இந்தத் தடவை குச்சியும் இல்லை, பட்டியலும் இல்லை. எனக்கு உண்மையாகவே தெரிந்த ஒரு விஷயத்தைச் சொன்னேன். எதிர்ப்பக்கத் துணிக்கடைக்கு ஓடினேன். பத்து ஜோடி சாக்ஸை எடுத்துப் போடச் சொல்லி, ஒவ்வொன்றிலும் கையை உள்ளே விட்டு, கண்ணை மூடித் தடவிப் பார்த்தேன். கடைக்காரர், “தம்பி, கோழியா பிடிக்கிய?” என்று கேட்டார். கடைசியில் முழுப் பருத்தியில், தையல் மெலிந்த ஒன்று கிடைத்தது. அதையும் உள்பக்கம் வெளிப்பக்கமாகப் புரட்டி, முடிச்சு வெளியே இருக்கும்படி மாரியிடம் கொடுத்தேன்.

மாட்டினாள். எழுந்தாள். ஐந்தாறு அடி வைத்தாள். நடந்துகொண்டே இருந்தாள். தெருமுனை திரும்புமுன் கையை மட்டும் உயர்த்தி ஆட்டினாள்.

மூன்றாவது சுற்று நாங்கள் ஓடவில்லை. பக்கத்துப் பக்கத்தில் நடந்தோம். தள்ளுவண்டியில் பருத்திப்பால் குடித்தோம். சுக்கு தொண்டையில் இறங்கிச் சுகமாக எரிந்தது. அம்மாவுக்கு அரக்கு வளையல் எடுத்தாள். தனக்கு எதுவும் வேண்டாமென்றவள், ஊதா ரப்பர் பேண்டு ஒன்றைக் கையில் மாட்டிப் பார்த்துவிட்டுக் கழற்ற மறந்தாள். எனக்குச் சீப்பு வாங்கினாள். “நாளைக்கு நான் வரும்போது தல சீவி நிக்கணும்” என்றாள். விளக்குகள் எரியத் தொடங்கியிருந்தன. நாலாவது சுற்றின் முடிவில் காலைப் பார்த்தோம். சிவப்புக் கோடு அப்படியே இருந்தது. வளரவில்லை.

வேன் கதவு

மறுநாள் விடிகாலை. விருதுநகர் பக்கம் ஒரு நீண்ட ரோடு. எட்டுக் கிலோமீட்டர் போய், எட்டுக் கிலோமீட்டர் திரும்ப வேண்டும். நெஞ்சில் எண் ஒட்டிய பெண்கள் இருட்டில் வரிசையாகக் கிளம்பிப் போனார்கள். கொஞ்ச தூரத்தில் அந்தப் பச்சையும் மறைந்துவிட்டது.

தடுப்புக் கயிற்றுக்கு இந்தப் பக்கம் அப்பாக்களும் புருஷன்களும் அண்ணன்களும் நின்றோம். முதலில் எல்லோரும் பேசினார்கள். வெயில் ஏறியதும் எல்லோருடைய கண்ணும் ரோட்டிலேயே இருந்தது.

நடக்க முடியாமல் உட்கார்ந்தவர்களை ஏற்றிக்கொண்டு ஒரு வேன் வரும். அது வரும் சத்தம் கேட்டாலே நாங்கள் எல்லோரும் கயிற்றை நெருங்குவோம். கதவு திறக்கும். முதலில் கால்கள்தான் இறங்கும். நான் முகங்களைப் பார்க்கவில்லை. வெள்ளை ஷூ. கறுப்பு ஷூ. ஷூவைக் கையில் பிடித்து வெறுங்காலோடு இறங்கிய ஒரு பெண். அவள் அப்பா தன் துண்டை அவள் தோளில் போட்டார். இரண்டாம் தடவையும் வேன் வந்தது. கதவு திறந்தது. சிவப்பு. நீலம். மறுபடி வெள்ளை. கதவு மூடியது.

இரண்டே முக்கால் மணி நேரம் ஆகியிருந்தபோது ரோட்டின் வளைவில் நாலைந்து பேர் தெரிந்தார்கள். அதில் இரண்டாவதாக வந்தவள் கையை வீசும் தோரணை எனக்குத் தெரியும். நொண்டவில்லை. இரண்டு காலையும் ஒரே கணக்கில் வைத்து வந்தாள். முகம் கறுத்து, உதடு காய்ந்து, ஆனால் கண் நேராக இருந்தது. நான் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கத்தினேன். என்ன கத்தினேன் என்று இப்போது கேட்டால் தெரியாது. பக்கத்தில் நின்றவர்களும் சேர்ந்து கத்தினார்கள்.

வெள்ளைக் கோட்டைத் தாண்டினாள். நேரம் குறிக்கும் அம்மா எண்ணைப் படித்து எழுதிக்கொண்டு, “முடிஞ்சிருச்சும்மா, நிக்கலாம்” என்றார்.

மாரி நிற்கவில்லை. அதே வேகத்தில், அதே கை வீச்சில், தண்ணீர்ப் பந்தலைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தாள். நான் கயிற்றுக்கு இந்தப் பக்கமாக அவளுக்குச் சமமாக ஓடினேன்.

“ஏட்டி மாரி, நில்லு! முடிஞ்சு போச்சு!”

“தெரியும் மச்சான்” என்றாள், மூச்சு வாங்க. “பதினாறும் அவியளுக்கு நடந்தது. இந்தக் கொஞ்ச தூரம் எனக்கு.”